குதிரை தேடிப் போட்ட போர்

வங்காளப் படுகையில் முதன்முதலில் துளை போட்டவர்கள் சகரனின் பிள்ளைகள். ஆள்பலம் 60,000. தேடிய பொருள் குதிரை. அப்பா அசுவமேத யாகத்துக்கு அவிழ்த்துவிட்ட குதிரையை இந்திரன் கிளப்பிக்கொண்டு போய், பாதாளத்தில் தவம் செய்துகொண்டிருந்த கபில முனிவர் பக்கத்தில் கட்டிவிட்டான். பையன்கள் மேலே எங்கும் தேடிப் பார்த்தார்கள். மேலே இல்லையென்றால் கீழேதான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி மண்வெட்டியை எடுத்தார்கள். சர்வே கிடையாது, மண் சாம்பிள் கிடையாது, சுற்றுச்சூழல் அனுமதி நிச்சயமாகக் கிடையாது. அடியில் போய்ச் சேர்ந்தபோது குதிரை இருந்தது. முனிவரும் இருந்தார். இவர்கள் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தார். அத்தனை பேரும் சாம்பல். எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் இதை ப்ளோ-அவுட் என்பார்கள். கீழே அழுத்தத்தில் அடங்கிக் கிடப்பதை மரியாதையில்லாமல் திறந்தால் மேலே இருப்பவன் கதி அதுதான்.

சம்பவ இடம் கங்காசாகர். கொல்கத்தாவிலிருந்து தெற்கே போய், படகில் ஏறி, சாகர் தீவில் இறங்கவேண்டும். நாம் பொங்கல் பானையை இறக்கும் நாளில் அங்கே லட்சக்கணக்கானவர்கள் குளிரில் முங்கி எழுவார்கள். சகரனுடைய பேரன் அம்சுமான் பிற்பாடு போய்க் கைகட்டி நின்று பேசிக் குதிரையை மீட்டுவிட்டான். சாம்பலைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும் என்ற கோப்புதான் நகரவில்லை. அது அம்சுமான் மேஜையிலிருந்து திலீபன் மேஜைக்குப் போய், அங்கிருந்து பகீரதன் மேஜைக்கு வந்தது. பகீரதன் ஒற்றைக்காலில் நின்று கங்கையை இறக்கினான்.

அவன் கேட்டது தண்ணீர். வந்தது தண்ணீரும் மண்ணும். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டன் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவருகின்றன. வங்காளம் முழுக்க அந்த மண்தான். மிச்சம் கடலுக்குள் இறங்கி, தரையோடு தரையாக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல விரிந்து, இலங்கையையும் தாண்டித் தெற்கே பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்திருக்கிறது. உலகத்தில் இதைவிடப் பெரிய கடலடி விசிறி கிடையாது. வடக்கு முனையில் மண்ணின் கனம் மட்டும் 16 கிலோமீட்டர் என்று கணக்கு. எவரெஸ்டை உள்ளே இறக்கி, அதன் தலைமேல் இன்னொரு முக்கால் எவரெஸ்டை வைத்தாலும் மூடிவிடும்.

இவ்வளவு மண் இருந்தால் உள்ளே எண்ணெய் இருக்காதா? கொல்கத்தாவில் இந்தக் கேள்வி கேட்காத தலைமுறை இல்லை. தோண்டாத தலைமுறையும் இல்லை. ஆனால் இந்தப் படுகைக்கு ஒரு பழக்கம். கேட்டதைத் தவிர வேறு எதையாவது கொடுக்கும்.

கொல்கத்தாவின் வில்லியம் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஏற்கெனவே சில தடவை துளை போட்டுப் பார்த்துத் தோற்றுப்போனவர்கள், 1835இல் மறுபடி ஆரம்பித்தார்கள். ஐந்து வருஷம் போட்டார்கள். நம்மூரில் போர் லாரிக்காரர் சாயங்காலம் வந்து விடியற்காலை 600 அடியில் நிறுத்தி, பாக்கியைக் கேட்டுக்கொண்டு நிற்பார். கம்பெனி சர்க்கார் 1840 ஏப்ரல் வரை தம் கட்டித் தொட்ட ஆழம் 481 அடி. வழியில் கரிய சதுப்பு மண் வந்தது, மக்கிய மரம் வந்தது. 350 அடிக்குப் பக்கத்தில் ஏதோ மிருகத்தின் எலும்பு வந்தது. இன்னும் கீழே ஆமை ஓடு. அதற்கும் கீழே மலை ஓடையில் உருண்டு வந்ததுபோல நிலக்கரித் துணுக்குகள். தண்ணீர் மட்டும் வரவில்லை.

எலும்பும் ஓடும் ஏஷியாடிக் சொசைட்டி வட்டாரத்தில் பெரிய பேச்சாக இருந்தன. அப்போது சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப், 1837இல் பிராமி எழுத்தைப் படித்து அசோகரைப் பேச வைத்தவர். இரண்டாயிரம் வருஷத்து ராஜாவே வாயைத் திறந்துவிட்டார், பக்கத்துத் தெருவில் ஒரு குடம் தண்ணீர் திறக்கவில்லை.

லண்டனில் உட்கார்ந்திருந்த நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல்தான் இதில் விஷயம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 481 அடி வரை ஒரு கடல் சிப்பிகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் ஆற்று மண், சதுப்பு, நிலத்து எலும்பு. ஆனால் அந்த ஆழம் கடல்மட்டத்துக்கு எவ்வளவோ கீழே. அப்படியானால் ஒரு காலத்தில் ஆமை வெயில் காய்ந்த கரை, ஆமையோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. கொல்கத்தா என்பது அமிழ்ந்துகொண்டே மண் வாங்கிக்கொள்ளும் ஊர். மேலே மண் விழ விழக் கீழே தரை இறங்குவதற்குத்தான் நிலவியலில் படுகை என்று பேர். வங்காளப் படுகைக்கு முதல் சான்றிதழ் கொடுத்தது ஓர் ஆமை.

இதற்கப்புறம் ஆங்கிலேயர்கள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். 1851இல் தாமஸ் ஓல்ட்ஹாம் கல்கத்தாவில் வந்து இறங்க, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் பிறந்தது. ரயிலுக்கும் கப்பலுக்கும் நிலக்கரி வேண்டும், அதுதான் அவசரம். எண்ணெயை யாரும் கேட்கவில்லை. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு போட்ட பிறகுதான் எல்லோருக்கும் ஆசை வந்தது. கல்கத்தாவின் மெக்கிலாப் ஸ்டூவர்ட் கம்பெனியைச் சேர்ந்த குட்இனஃப், 1866இல் மேல் அசாமில் நாகர்புங் என்ற இடத்தில் துளை போட்டார். ஒன்றுமில்லை. மறு வருஷம் மாகும் பக்கம் போட்டார். 1867 மார்ச் 26ஆம் தேதி, 118 அடியில் எண்ணெய். கோட்டையில் ஐந்து வருஷம் முக்கியது 481 அடி, அசாமில் 118 அடியிலேயே விளக்கெரிக்கும் சரக்கு! பிற்பாடு திக்பாயில், காட்டிலிருந்து திரும்பிய யானையின் காலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து, வெள்ளைக்காரத் துரை பையனை 'டிக், பாய்', தோண்டு தோண்டு என்று விரட்டியதாகவும், ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை ரொம்ப அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

அசாமில் தோண்டினாலும் தோண்டக் கிளம்பிய கம்பெனி கல்கத்தாவில். ஆனால் ஊரின் சொந்தக் காலடியில் எண்ணெய் இல்லை. வங்காளிகள் இதைப் பெரிய குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு எண்ணெய் என்றால் கடுகெண்ணெய். இலிஷ் மீனுக்கும் அதுதான், குளிர்காலத்தில் குழந்தை உடம்பில் தேய்க்கவும் அதுதான். மேலதிகாரிக்குத் தேய்க்கவும் அதுதான். நாம் ஐஸ் வைப்பதை அவர்கள் எண்ணெய் போடுவது என்பார்கள். பண்டிதர் ஹரபிரசாத் சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டிலேயே எண்ணெய் என்ற தலைப்பில் இதற்கென்று ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ஆபீஸ்களால் நிறைந்த தலைநகரத்தில் அந்தச் சரக்குக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

வேறொரு சங்கதியும் அந்தக் காலத்தில் ஊரைக் குழப்பிக்கொண்டிருந்தது. கிழக்கே பரிசால் ஜில்லாவில், மழைக்காலத்தில், கடல் பக்கமிருந்து பீரங்கி வெடிப்பதுபோல டம் டம் என்று சத்தம் வரும். பீரங்கியும் இல்லை, இடியும் இல்லை. பரிசால் பீரங்கி என்றே அதற்குப் பெயர் வைத்து, கற்றவர்கள் கூடி ஆராய்ந்தார்கள். நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் லா டூஷ் 1890இல் இதைப் பற்றி எழுதினார். அலை மோதுகிறது என்றார் ஒருவர், பூமி நடுங்குகிறது என்றார் இன்னொருவர், அடியிலிருந்து வாயு கிளம்புகிறது என்றும் ஒரு கட்சி. இன்றுவரை பைசல் ஆகவில்லை. இந்தச் சத்தத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு வேலை இருக்கிறது.

இனி, ஒரு படுகையில் எண்ணெய் இருக்கிறதா என்று எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும். நான் குடியிருப்பது தென் கொல்கத்தா, லேக் மார்க்கெட் பக்கம். இங்கே காலை ஆறு மணிக்கு மல்லிகைப்பூவும் வாழையிலையும் கிடைக்கும், சாம்பார் வெங்காயத்துக்குப் பேரம் தமிழிலேயே நடக்கும். மேல்மாடி மாமா ஓய்வுபெற்ற நிலவியல்காரர். வாழ்நாள் முழுக்கக் கிணற்றிலிருந்து வரும் மண் துகளைக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பையில் போட்டு நம்பர் எழுதியவர். அவர் வகுப்பெடுத்தது பித்தளை ஃபில்டரை வைத்து.

"மேல் பாத்திரத்துல பொடி இருக்கோல்லியோ, அதுதான் மூலப்பாறை. பாசி, இலை, தழை எல்லாம் சேத்துல புதைஞ்சு கிடக்கிறது. வெந்நீர்தான் பூமியோட சூடு. 60 டிகிரிக்குக் கீழே ஒண்ணும் இறங்காது. 120 வரைக்கும் எண்ணெய். அதைத் தாண்டினா எல்லாம் கேஸாப் போயிடும். ஓட்டை வழியா சொட்டுச் சொட்டா இறங்கிச் சேர்ற கீழ்ப் பாத்திரம் தேக்கிவைக்கிற மணற்பாறை. மேலே மூடி. இந்த அஞ்சுல ஒண்ணு இல்லேன்னாலும் காபி கிடையாது."

"அஞ்சுன்னு நாலுதான் சொன்னேள்," என்றாள் மாமி உள்ளேயிருந்து.

"அஞ்சாவது நேரம்! கீழ்ப் பாத்திரத்தை வைக்கறதுக்கு முன்னாடியே வெந்நீரை விட்டா என்ன ஆகும்? மேடையெல்லாம் டிகாஷன். பாறை வளைஞ்சு தொட்டி ஆகறதுக்கு முன்னாடியே எண்ணெய் கிளம்பிடுத்துன்னா அது போன இடம் தெரியாது."

"நேத்திக்கு நீங்க பண்ணின மாதிரி."

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கணக்குக்கு வந்தார். ஐந்துக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்தாலும், ஐந்தையும் பெருக்கினால் 32இல் ஒன்று. முப்பத்திரண்டு கிணறு போட்டால் ஒன்று தேறலாம். "இதைத்தான் நாங்க ரிப்போர்ட்ல 'நம்பிக்கையூட்டும் வாய்ப்பு'ன்னு எழுதுவோம்."

வங்காளத்தின் கோளாறு என்ன? பொடி நிறைய இருக்கிறது, ஆனால் சிக்கரி ஜாஸ்தி. கடல் பாசி மக்கினால் எண்ணெய் வரும். காட்டு இலையும் கட்டையும் மக்கினால் பெரும்பாலும் கேஸ்தான் வரும். இமயமலைக் காட்டையெல்லாம் வழித்துக்கொண்டு வரும் ஆற்றில் இலையும் கட்டையும்தான் இருக்கும். போதாக்குறைக்கு மண் விழும் வேகத்தில் அடியிலிருந்து சூடு ஏறவே நேரம் இல்லை. வேறு இடங்களில் மூன்று கிலோமீட்டரில் கிடைக்கும் வெந்நீருக்கு இங்கே இன்னும் கீழே போகவேண்டும். பச்சைத்தண்ணீரை ஊற்றிவிட்டு டிகாஷனுக்குக் காத்திருக்கும் கதை.

"டிகாஷன் இறங்கலேன்னா பொடியைக் குத்தம் சொல்லாதீங்கோ," என்று மாமி டம்ளரை வைத்தாள். "மூடியைத் திறந்து திறந்து பார்த்தா அது எப்படி இறங்கும்?"

மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். மூடி உடைந்த தொட்டிகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான ஆய்வறிக்கை அவர் வாசித்ததில்லையாம்.

விடுதலைக்குப் பிறகு மூடியைத் திறந்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1953 டிசம்பரில் இந்திய அரசும் ஸ்டாண்டர்ட் வாக்குவம், சுருக்கமாக ஸ்டான்வாக், கம்பெனியும் ஒப்பந்தம் போட்டன. 75 பங்கு அவர்களுக்கு, 25 பங்கு நமக்கு. எண்ணெய் வந்தால் வேடிக்கை பார்க்கவும், வராவிட்டால் துக்கம் கேட்கவும் 25 சதவீதம் போதும். விமானத்தில் பறந்து காந்தமானி பார்த்தார்கள். தரையில் வெடி வைத்து எதிரொலி கேட்டார்கள். அந்த எதிரொலியில் அருமையான ஒரு விஷயம் தெரிந்தது. வண்டலுக்கு வெகு கீழே ஒரு சுண்ணாம்புப் பாறை. வடமேற்கில் மேசைபோல லேசான சரிவோடு வருகிறது. கொல்கத்தாவுக்கு அடியில் வந்ததும், மாடிப்படி தெரியாமல் கால் வைத்தவன் மாதிரி, சட்டென்று மடிந்து தென்கிழக்கே கிடுகிடு ஆழத்துக்குள் விழுந்துவிடுகிறது. நிலவியல்காரர்கள் இதைக் கீல் என்கிறார்கள், கதவுக்குப் போடுகிற அதே கீல். அந்தப் பக்கம் மண்ணின் கனம் பத்து கிலோமீட்டருக்கு மேல். ஊர் உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில்.

1957 முதல் 1960 வரை ஸ்டான்வாக் பத்துக் கிணறு போட்டது. கால்சி, காட்டால், ஜலாங்கி, போர்ட் கேனிங் என்று வரைபடம் பார்த்து வங்காளத்தின் நாலு திசையிலும் குத்தினார்கள். பத்தும் வறண்டது. மாமாவின் 32இல் ஒன்று கணக்குப்படி இதில் ஆச்சரியமும் இல்லை. 1960இல் கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். பேப்பரில் சந்தேகம் கிளம்பியது. இருந்தும் இல்லை என்கிறார்களோ? அரேபியாவில் நிறைய வைத்திருப்பவன் இங்கே எதற்கு மெனக்கெடுவான்? வங்காளத்தில் ஒரு கிணறு வறண்டால் அதற்கு நிலவியல் காரணம் ஒன்றும், அரசியல் காரணம் நாலும் உண்டு.

வயிற்றெரிச்சல் அடுத்த வீட்டில் இருந்தது. 1947இல் சர் சிரில் ராட்கிளிஃப் என்ற வக்கீல், அதற்குமுன் இந்தியாவையே பார்க்காதவர், ஐந்து வாரத்தில் வங்காளத்தை இரண்டாகக் கிழித்தார். மதத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார். கீழே இருக்கும் கீலை அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1955இல் கிழக்குப் பாகிஸ்தானின் சில்ஹட் ஜில்லா ஹரிபூரில் துளை போட்டபோது கேஸ் பீறிட்டுக் கிளம்பி, ரிக்கையே பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டது. கபில முனிவர் அங்கே குடிமாறிவிட்டார்போல. 1962இல் திதாஸ் என்ற மாபெரும் கேஸ் வயல். 1968இல் டாக்கா வீடுகளுக்குக் குழாயில் அடுப்பு கேஸ் வந்துவிட்டது. அதே படுகை, அதே இமயமலை மண், அதே ஆறு. மேற்கே பத்து வறண்ட கிணறு, கிழக்கே தீக்குச்சி மிச்சம் பிடிக்க அடுப்பை அணைக்காமல் விடுகிற இல்லத்தரசிகள். பாகப்பிரிவினையில் அண்ணன் திண்ணையை எடுத்துக்கொண்டு, தம்பிக்குச் சமையல்கட்டைக் கொடுத்துவிட்டான்.

டில்லி சும்மா இருக்கவில்லை. கேசவ் தேவ் மாளவியா என்ற மந்திரி, மேற்கத்திய நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கியதைப் பொருட்படுத்தாமல் ரஷ்யாவுக்குப் போய் நிபுணர்களை அழைத்துவந்தார். நிலவியல் நிறுவனத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து நட்டதில் 1956 ஆகஸ்ட் 14இல் ஓ.என்.ஜி.சி. வந்தது. ரஷ்யர்கள் இந்திய வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள், இருக்கிறது என்றார்கள். குஜராத்தில் இருந்தது. பம்பாய்க் கடலில் இருந்தது. நம் காவிரிப் படுகையில், நரிமணத்தில், 1980களில் வந்தது. வங்காளத்தில் மட்டும் கிணறு, ரிப்போர்ட், மறுபடி கிணறு. கோல்ஃப் கிரீன் என்பது இன்றைக்குக் கொல்கத்தாவில் மத்தியதர ஃபிளாட்டுகள் நிறைந்த பகுதி. அந்தப் பெயரிலேயே ஓ.என்.ஜி.சி.யின் கிணறு ஒன்று உண்டு. தேவைப்பட்டால் இவர்கள் அப்போது மாநிலத் தலைமைச் செயலகமாக இருந்த ரைட்டர்ஸ் பில்டிங் வராந்தாவிலும் போட்டிருப்பார்கள், அங்கே எண்ணெய் இருப்பதற்கான அறிகுறி எப்போதுமே பலமாக இருந்தது.

தரையில் இல்லையென்றால் கடலில் இருக்கும். சகரன் பிள்ளைகளின் அதே லாஜிக், திசை மட்டும் வேறு. 1973இல் அரபு நாடுகள் குழாயை முறுக்க, 1974 பிப்ரவரியில் பம்பாய் ஹை கிடைக்க, கடல் மேல் எல்லோருக்கும் காதல் வந்தது. அதே 1974இல் வங்காளக் கடலை அமெரிக்காவின் நாட்டோமாஸ் தலைமையிலான குழுவுக்குக் கொடுத்தார்கள். வறண்ட கிணறுதான். ஓரிரு வருஷத்தில் மூட்டை கட்டினார்கள்.

ஆனால் கடலில் கட்டம் போட்டது இந்தியா மட்டுமல்ல. புதிதாகப் பிறந்த வங்கதேசமும் அதே வருஷம் தன் கடலைக் கட்டம் கட்டமாக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தது. இரண்டு பேர் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பெட்டிக்குச் சண்டை என்றால் அது இதுதான்.

போதாக்குறைக்கு, சில வருஷம் முன்புதான் கடல் ஒரு தீவைத் தூக்கிப் போட்டிருந்தது. 1970 நவம்பரில் வந்த போலா புயலுக்குப் பிறகு, ஹரியாபங்கா ஆற்று வாயில் ஒரு மண்திட்டு தலை காட்டியது. இடுப்புக்கும் தலைக்கும் நடுவான உயரம். ஆள் இல்லை, மரம் இல்லை. நாம் நியூ மூர் என்றோம், பூர்பாஷா என்றோம். அவர்கள் தென் தல்பட்டி என்றார்கள். திட்டு யாருடையதோ, அதிலிருந்து கோடு போட்டால் கடல் அவருடையது. கடல் யாருடையதோ எண்ணெய் அவருடையது, இருந்தால். 1981இல் இந்தியா கப்பல் அனுப்பிக் கொடி நட்டுவிட்டு வந்தது. நமக்குக் கச்சத்தீவைப் பற்றிப் பேச அரை நூற்றாண்டாக ஆள் இருக்கிறது. கச்சத்தீவாவது இருக்கிறது, அங்கேயே இருக்கிறது, அந்தோணியார் கோயிலோடு இருக்கிறது. இந்தத் தீவு அவ்வளவு பொறுமைசாலி இல்லை. 2010இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுகதா ஹஸ்ரா, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துவிட்டு, தீவைக் காணோம் என்று அறிவித்தார். வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் நின்றபோது விழுந்து விழுந்து சிரித்தோமே, இங்கே இரண்டு நாடுகளுக்கு அதே நிலைமை, புகார் கொடுக்கப் போன ஸ்டேஷன் மட்டும் தி ஹேக் நகரத்து நடுவர் மன்றம்.

நடுவர்கள் 2013இல் நேரில் வந்து பார்த்தார்கள். தண்ணீரைப் பார்த்திருப்பார்கள், வேறென்ன. 2014 ஜூலை 7இல் தீர்ப்பு. தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்கு. தீவு இருந்த இடம் இந்தியாவுக்கு! முப்பத்துச் சொச்சம் வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, இல்லாத தீவு நமக்குச் சொந்தம் என்று சட்டப்படி நிரூபணமானது. கூடவே சாம்பல் பகுதி என்று ஒரு துண்டு. அங்கே கடலின் அடித்தரை வங்கதேசத்துக்கு, மேலே இருக்கும் தண்ணீர் இந்தியாவுக்கு. மீன் நம்முடையது, அது படுக்கும் தரை அவர்களுடையது. நம்மூர்ப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மரம் மூத்தவனுக்கு, நிழல் இளையவனுக்கு என்று எழுதிய கர்ணத்தின் பேரன்தான் ஹேக்கில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

கடைசியில் எண்ணெய் கிடைத்தது. கடலில் இல்லை. கொல்கத்தாவிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், வடக்கு 24 பர்கானா ஜில்லாவில், அசோக்நகரில். 2018இல் ஓ.என்.ஜி.சி. கிணற்றில் எண்ணெயும் கேஸும் தட்டுப்பட்டன. அதற்குள் வங்காளத்தில் தேடிய செலவு மூவாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. 2020 டிசம்பரில் பெட்ரோலிய மந்திரி தர்மேந்திர பிரதான் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார், முதல் சரக்கு ஹல்தியா சுத்திகரிப்பு ஆலைக்கு லாரியில் போனது. நாட்டின் 26 வண்டல் படுகைகளில் எண்ணெய் தரும் எட்டாவது படுகை என்று வங்காளத்துக்கு நாற்காலி போட்டார்கள். காவிரி ஏற்கெனவே அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதை இங்கே அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் உற்பத்திக் குத்தகைக் கோப்பு கொல்கத்தாவுக்கும் டில்லிக்கும் நடுவில் வருஷக்கணக்கில் ஊசலாடியது. திலீபனும் பகீரதனும் கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சியால்தாவில் பன்காவ் லோக்கலில் ஏறிப் போய்ப் பார்த்தேன். அசோக்நகர் ஒரு காலத்தில் விமானத் தளம், இரண்டாம் உலகப்போருக்குப் போட்டது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே மனை அளந்து கொடுத்தார்கள். பைகாச்சி பக்கம் வேலி, காவலாளி, உள்ளே வராதே என்று போர்டு. அப்புறம் கடுகு வயல். மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஊர்க்காரர்களின் பழைய எண்ணெய் மேலே, புதிய எண்ணெய் கீழே.

வேலியைத் தள்ளி ஒரு டீக்கடை. இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்படவேண்டாம். கடைக்காரர் கத்தரிக்காய் பஜ்ஜியைக் கடுகெண்ணெயில் புரட்டிக்கொண்டே மண் குவளையில் டீயை ஊற்றிக் கொடுத்தார்.

"எண்ணெய் வந்ததில் உங்களுக்கு என்ன லாபம், தாதா?"

"ரோடு ஜாஸ்தி குழி ஆச்சு." கரண்டியை எண்ணெய்க்குமேல் பிடித்து வடியவிட்டார். "அப்பா பரிசாலிலிருந்து வந்தவர். அங்கேயே இருந்த சொந்தக்காரர்கள் டாக்காவில் குழாய் கேஸில் சமைத்தார்கள். நாங்கள் இங்கே வந்து சுள்ளி பொறுக்கினோம். ஐம்பது வருஷம் அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அப்பாவைத் தின்றாள்."

"இப்போது காலுக்குக் கீழேயே கிடைத்துவிட்டதே."

"அம்மா போய்விட்டாள். அவளுக்குச் சொல்லியிருக்கலாம்." பஜ்ஜியைப் பேப்பரில் சுற்றினார். "ரிக் ஓடும்போது ராத்திரியில் திடீரென்று டம் என்று ஒரு சத்தம் வரும். என் பாட்டி கதையில் வருமே, மழைக்காலத்தில் கடலில் பீரங்கி, அது மாதிரியே. முதல் நாள் கேட்டபோது படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்."

"அப்புறம்?"

"பக்கத்து வீட்டுக்காரன் கேட்டைச் சாத்தியிருக்கிறான். இரும்பு கேட். இப்போதுதான் புதிதாகப் போட்டான், நிலம் விலை ஏறும் என்று."

பன்னிரண்டு ரூபாய் ஆயிற்று. சில்லறை இல்லை என்று இன்னொரு பஜ்ஜியைக் கையில் வைத்தார்.